கார் விற்கிறவர் கல்லூரி வாங்கப் போன கதை

க்ளென் ஸ்டாஃபரிடம் கார் வாங்கி யாரும் ஏமாந்ததில்லை என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். கொஞ்சம் கொஞ்சம் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் கைகுலுக்கி, பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த மிட்டாயையும் வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக ஏமாந்துபோனார்கள். மான்ஸ்ஃபீல்டில் வடக்குச் சாலை ஓரமாக ஹாட்லி மோட்டார்ஸ் என்று ஒரு பழைய கார் கடை. இருபத்தொன்பது வருடமாக அங்கே விற்பதுதான் அவர் பிழைப்பு. ஒஹாயோவின் இந்தப் பக்கத்தில் ஓடுகிற வண்டிகளில் பாதி அவர் கைபட்டவை என்று அவர் சொல்லிக்கொள்வார். ஆனால் சாலையோரம் யாராவது பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றால் மட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நிறுத்திப் பார்த்தால் தெரிந்த முகமாக இருந்து தொலைக்குமே என்ற பயம்தான்.

அந்தக் கடைக்கு அவர் வந்தது சில மாதங்களுக்காகத்தான். பதினெட்டு வயதில், தலைநகரில் இருக்கிற மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்று செமஸ்டர் படித்தார். படித்தார் என்பது அவருடைய அம்மா ஊரில் சொன்னது. வேதியியல் ஆசிரியரைக் கேட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். டிசம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், நிறுத்திவைத்த கார்களின் மேலிருந்து பனி தள்ள ஹாட்லியில் சேர்ந்தார். "செப்டம்பர்ல திரும்பிப் போயிடுவேன்" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார். பனி தள்ளுவதில் இருந்து விற்பனைக்கு வரவே மூன்று வருடம் ஆனது. அதற்கப்புறமும் சேர்த்து முப்பத்திரண்டு செப்டம்பர் வந்து போய்விட்டது.

அந்தக் கடையிலேயேதான் மார்லாவையும் சந்தித்தார். நீல நிறக் கார் ஒன்று வாங்க வந்து, அவர் சொன்ன விலையில் எண்ணூறு டாலர் குறைத்து, கூடவே நான்கு புது டயரும் வாங்கிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். இப்படிப்பட்டவளை எதிர்ப்பக்கத்தில் வைத்திருப்பது தொழிலுக்கு ஆபத்து என்று அவளையே கல்யாணம் செய்துகொண்டதாக க்ளென் சொல்வார். மார்லா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவர்களுக்கு ஒரே மகள், டெலியா.

டெலியா அப்பாவின் கடையில்தான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். ஒன்பது வயதில் ஒரு சனிக்கிழமை, வெள்ளை வேன் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு குடும்பத்திடம், "இந்த வண்டியா? எங்க வீட்டுக்குக் கேட்டப்ப, இதுல என் பொண்ணை ஏத்தமாட்டேன்னு அப்பா சொல்லிட்டாரே" என்றாள். அந்தக் குடும்பம் வேனை விட்டுவிட்டு மிட்டாயை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஒரு மாதம் டெலியாவுக்குக் கடைக்குள் வரத் தடை. கோபப்பட வேண்டிய க்ளென், அதை அன்று சாயங்காலத்துக்குள் பதினைந்து பேரிடம் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தார்.

அந்தப் பெண் இப்போது பள்ளியின் கடைசி வருடம். கல்லின் மேல் பைத்தியம். எங்கே போனாலும் ஜீன்ஸ் பையில் இரண்டு கல்லோடு வருவாள். துணி துவைக்கிற இயந்திரம் இரண்டு தடவை பழுதானது அதனால்தான். மார்ச் கடைசி வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து. ஹானர்ஸ் என்கிற சிறந்த மாணவர் பிரிவில் இடம், சின்னச் சின்ன வகுப்புகள், தனி விடுதி, முதல் வருடத்திலேயே ஆய்வுக்கூடத்தில் வேலை, கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. சாப்பாட்டுக்கும் அறைக்கும் மட்டும் கட்டினால் போதும்.

இன்னொன்று மாசசூசெட்ஸில் இருக்கிற விட்கோம் கல்லூரியில் இருந்து. நூற்றில் ஏழு பேருக்குத்தான் இடம் கிடைக்கிற தனியார் கல்லூரி. அவர்கள் கொடுத்த உதவித்தொகை போக, வருடத்துக்கு நாற்பத்தோராயிரம் டாலர் கட்ட வேண்டும். நல்ல வருடத்தில் க்ளென் சம்பாதிப்பதில் அது பாதிக்கு மேல். மே முதல் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும்.

விட்கோம் கடிதத்தின் காகிதத்தைத் தடவிப் பார்த்ததுமே க்ளென் விழுந்துவிட்டார். தடித்த காகிதம், ஓரத்தில் பொன்நிறக் கோடு. 'இந்தக் காகிதத்துக்கே நாம் இருநூறு டாலர் அதிகம் கேட்டிருப்போமே' என்று மனசு சொன்னது. சொன்ன மனசே அந்த வாரத்துக்குள் விட்கோம் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை வரவழைத்து, சும்மா அளவு பார்க்கலாம் என்று காரின் பின் கண்ணாடியில் ஒட்டியும் பார்த்தது. எங்கள் ஊரில் பிள்ளை எந்தக் கல்லூரி என்பதை ஜனங்கள் காரின் பின்னால் போகும்போதுதான் தெரிந்துகொள்வார்கள். வாயால் சொன்னால் அது தம்பட்டம், கண்ணாடி சொன்னால் அடக்கம். மார்லா பார்த்துவிட்டு, "அவ இன்னும் முடிவே பண்ணல, கார் சேர்ந்திடுச்சா?" என்றாள். அளவு பார்த்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கடையில் விஷயத்தைச் சொன்னார். கூட வேலை செய்யும் வெர்ன் காபியைக் கீழே வைத்தான்.

"வருஷத்துக்கு நாப்பத்தோராயிரமா? அந்தக் காசுக்கு நம்ம முன் வரிசையிலயே மூணு வண்டி எடுக்கலாமேய்யா. மூணுலயும் ஏசி ஓடும்."

"இது படிப்புடா, வெர்ன்."

"நாலு வருஷத்துக்குப் பன்னெண்டு வண்டி! நீயே தனியா கடை வெச்சிடலாம். அரசாங்கம் சும்மா கூப்பிடறப்ப எவனாவது பன்னெண்டு வண்டி குடுத்து வேற இடத்துக்குப் போவானா?"

"சும்மா வர்றதை நீ என்னிக்காவது வாங்கியிருக்கியா? எதுல என்ன கோளாறுன்னு கேப்ப."

வெர்ன் யோசித்துவிட்டு, அது சரிதான் என்று தலையாட்டினான். இந்த மாதிரி பதிலைக் கண்டுபிடிப்பதற்கு க்ளெனுக்கு இரண்டு விநாடி போதும். அது உண்மையா என்று பார்க்கத்தான் அவருக்கு எப்போதும் நேரம் இருந்ததில்லை.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹானர்ஸ் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரப் பயணம். வேதியியல் கட்டடத்தைத் தாண்டும்போது க்ளென் ரொம்ப அக்கறையாக எதிர்ப்பக்க மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். கூடத்தில் ஆறிப்போன காபியும் டோனட்டும் இருந்தன. வாசலில் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள். ஹானர்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், பெயர் ரோண்டா. அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"க்ளென் ஸ்டாஃபர்! எனக்குப் பச்சை வேன் வித்தது நீங்கதானே?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நூற்றைம்பது மைல் சுற்றளவில் இவளுக்கு வேறு கடையே கிடைக்கவில்லையா?

"வேன் நல்லா ஓடுதுங்களா?" என்றார். வேறு என்ன கேட்பது?

"ஓடுது. ஹீட்டர்தான். ஓட்டறவங்களுக்கு வேகுது, பக்கத்துல இருக்கறவங்க விறைக்கறாங்க. என் வீட்டுக்காரர் ஆறு குளிர்காலமா எம்மேல கோவத்துல இருக்கார்."

"அப்ப அது கோளாறு இல்ல மேடம். அந்த வண்டி ஆளு பார்த்துச் சூடு குடுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், ரோண்டாதான் அதிகம் சிரித்தாள். பத்து நிமிடம் கழித்து க்ளென் வண்டி நிறுத்துமிடத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பச்சை வேனின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தார். சுற்றி மூன்று அப்பாக்கள், ஒருவர் டார்ச் பிடித்தார், ஒருவர் தன் வண்டி போடும் சத்தத்தை வாயால் செய்து காட்டி என்னவென்று கேட்டார். உள்ளே மேடையில் யாரோ பாடத்திட்டம் பற்றிப் பேசியதை இந்த நால்வரும் கேட்கவே இல்லை. டெலியா இரண்டு மணி நேரம் காணாமல் போய், அடித்தளத்தில் இருந்த பாறை அறுக்கும் கூடத்தில் இருந்து கையெல்லாம் சாம்பல் பூசினமாதிரி தூசியோடு வந்தாள். அவளையே ஒரு கல்லை அறுக்க விட்டார்களாம்.

திரும்பும் வழியில் க்ளென், "இன்னிக்கு உன் மானத்தை வாங்கிட்டேன், இல்ல?" என்றார்.

"எப்ப?"

"ஹீட்டர்."

டெலியா சிரித்தாள். அவளுக்கு வருத்தம், காட்டிக்கொள்ளவில்லை என்று க்ளென் முடிவு செய்துகொண்டார். வாடிக்கையாளர் முகத்தைப் படிப்பதில் அவருக்கு இருபத்தொன்பது வருட அனுபவம் இல்லையா!

அடுத்த சனி விட்கோம். பன்னிரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். கடை முதலாளியிடம் கெஞ்சி முன் வரிசையில் நின்ற கறுப்பு நிறக் காரை வாங்கிக்கொண்டார். நம்பர் பலகையைச் சுற்றி 'ஹாட்லி மோட்டார்ஸ், நம்பி வாங்க' என்று எழுதிய சட்டம் இருந்தது. அதைக் கழற்றி டிக்கியில் போட்டார். மார்லாவுக்கு அன்று வேலை. அவள் வந்திருந்தால் அந்தச் சட்டம் கழன்றிருக்காது.

விட்கோமில் கால் வைத்த நிமிடத்தில் இருந்து க்ளெனுக்கு ஒரு வினோதமான அனுபவம். எல்லாமே தெரிந்த வித்தை. பார்ப்பதற்கு லட்சணமான நாலு மாணவர்களைப் புல்வெளியில் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள்: முன் வரிசை வண்டிகள், சாலையில் போகிறவர்கள் கண்ணில் படுவதற்கு. ஒரு பெண் டெலியாவின் கையில் நூலகச் சாவியைக் கொடுத்து, "நீயே திற, உன்னோட இடம்னு நினைச்சுக்கோ" என்றாள்: ஓட்டிப் பார்க்கச் சொல்வது. ஒருமுறை ஸ்டியரிங்கைப் பிடித்தவன் பாதி வாங்கிவிட்டான் என்று புதிதாகச் சேர்கிற பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே க்ளென்தான். மத்தியானம் கடல் நண்டு சூப்பு வந்தது. ஹாட்லியில் மிட்டாய், இங்கே நண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தார். கண்டுபிடித்து மனதுக்குள் 'சபாஷ்' போட்டுவிட்டு ஒவ்வொன்றிலும் விழுந்தார். டெலியா சாவியைத் திருப்பியபோது கைக்குட்டையை எடுத்தார். சூப்பு இரண்டு கிண்ணம் குடித்தார்.

சாயங்காலம் பெற்றோருக்கு ஒரு வரவேற்பு. ப்ரூஸ்டர் என்று ஓர் உயரமான மனிதர், அவர் தாத்தாவே விட்கோமில் படித்தவர், க்ளென் பக்கம் வந்தார்.

"நீங்க எந்தத் துறையில இருக்கீங்க?"

"போக்குவரத்துத் துறை" என்றது க்ளெனின் வாய்.

"அப்படியா! ரயிலா, துறைமுகமா?"

"சாலை."

அதற்கப்புறம் இருபது நிமிடம், நாட்டின் சரக்குப் போக்குவரத்து எந்தத் திசையில் போகிறது என்பது பற்றி க்ளென் தன் கருத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. டீசல் விலை ஏறும் என்றார். இறங்கவும் வாய்ப்பிருக்கிறது என்றார். ப்ரூஸ்டர் பாய்மரப் படகைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். க்ளெனுக்கு எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாததால், பாதுகாப்புக்கு எல்லா இடத்திலும் சிரித்தார்.

கிளம்புமுன், பெற்றோருக்காக அன்று திறந்துவைத்திருந்த உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனார். எலியட் என்று ஒரு இளம் அதிகாரி. க்ளெனுக்கு இது தன் மைதானம். மாநிலப் பல்கலைக்கழகக் கடிதத்தை மேஜையில் வைத்தார். "அவங்க சும்மாவே தராங்க. நீங்க முப்பதுக்கு இறங்கினா இன்னிக்கே முடிச்சுக்கலாம்" என்றார்.

எலியட் மிக மரியாதையாக, "கமிட்டியைக் கேட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனான். க்ளென் தனக்குள் சிரித்துக்கொண்டார். ஹாட்லியில் 'மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்' என்று உள்ளே போய் அவர் சாப்பிட்ட பிஸ்கட்டுகளுக்குக் கணக்கில்லை. எலியட் வந்து, "வருத்தமா இருக்கு சார், இதுக்கு மேல முடியாது" என்றான்.

அப்போது க்ளென் தொழிலின் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். எழுந்தார். கையை நீட்டினார். "சரி, அப்ப நாங்க கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். வாடிக்கையாளர் இப்படி நடந்தால் எந்த விற்பனையாளனும் கதவு வரை விடுவான். காரில் ஏற விடமாட்டான். க்ளென் மெதுவாக நடந்தார். கதவு வந்தது. படிக்கட்டு வந்தது. மூட்டு வலிக்கிறவர் போல ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பாமல் நின்று, முகத்தில் வந்த வெற்றியை அடக்கிக்கொண்டார்.

"சார்! உங்க மூக்குக் கண்ணாடியை மேஜையிலயே விட்டுட்டீங்க" என்றான் எலியட், மூச்சிரைக்க.

திரும்பும் வழியில் நூறு மைல் வரை டெலியா பையில் இருந்த இரண்டு கல்லையும் கையில் உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு, "எனக்கு அந்த இடம் அவ்வளவாப் பிடிக்கலப்பா" என்றாள்.

"ஏன்?"

"நூலகத்துல கார்பெட் ஒரு மாதிரி நாறுது. அப்புறம் மலைச்சரிவு. எங்க பார்த்தாலும் ஏறி ஏறி இறங்கணும்."

மலைக் கல்லைப் பார்க்க நாள் முழுக்க ஏறுகிற பெண், சரிவு பிடிக்கவில்லை என்கிறாள்! காசில்லாதவன் கடையில் ஒருநாளும் காசில்லை என்று சொல்லமாட்டான். நிறம் பிடிக்கவில்லை என்பான். சீட் உயரம் என்பான். அதைக் கேட்டதும் அவனுக்கு நிறமெல்லாம் பிரச்சினையே இல்லை என்று புரிந்துகொண்டு, மாதத் தவணையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதுதான் தொழில். எத்தனை பேரை இப்படிப் படித்திருக்கிறார். இப்போது பக்கத்து சீட்டில் தன் மகள், அப்பாவின் காசுக்காகக் கார்பெட்டைக் குறை சொல்கிறாள். அவருக்கு அழுகை வந்தது. சாலையில் வெளிச்சம் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறி. மே முதல் தேதிக்குள் டெலியாவுக்கு விட்கோமை விற்றுவிட வேண்டும். வீட்டின் மேல் இரண்டாவது கடனுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார். பெற்றோர் பெயரில் எடுக்கிற கல்விக் கடன் காகிதத்தில் கையெழுத்துப் போடும் இடங்களில் எல்லாம் மஞ்சள் அடையாளச் சீட்டு ஒட்டினார்.

"அவதான் வேணாங்கறாளே, க்ளென்" என்றாள் மார்லா.

"அது வேணாங்கறது இல்ல மார்லா. அது விலை கேக்கறது."

"எல்லாரும் உங்கிட்ட வண்டி வாங்க வந்தவங்க இல்ல."

"நீ வந்தியே!"

"நான் வண்டிதான் கேட்டேன். நீ தொத்திக்கிட்டு வந்தே."

ஏப்ரல் கடைசி ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு சமையலறை மேஜையில் டெலியாவை உட்காரவைத்தார். மார்லா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். க்ளென் தன் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சைப் பேசினார். மாதத்துக்கு எவ்வளவு, எத்தனை வருடம், ஓய்வு பெறுகிற வயதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் எப்படிச் சரியாகும், எல்லாம் சொன்னார். எழுபத்தொரு வயது வரை கார் விற்பது உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்களே சொல்வதாகவும் சொன்னார். எந்த மருத்துவர் என்று மார்லா கேட்கவில்லை. தண்ணீரை மட்டும் கொஞ்சம் வேகமாகத் திறந்தாள்.

"காசைப் பத்தி நீ யோசிக்காத. அதுக்காக நீ விட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சா நான் நிம்மதியா இருக்க மாட்டேன். கார்பெட் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம், நான் இதுலயே ஊறினவன்" என்று முடித்தார்.

டெலியா மேஜையில் இருந்த கடன் காகிதங்களை ஓரமாகத் தள்ளினாள்.

"கார்பெட் பொய்தான்" என்றாள்.

"பாத்தியா!"

"ஆனா காசும் இல்லப்பா. காசு பயமாத்தான் இருக்கு, அதுக்காக மட்டும்னா சொல்லியிருப்பேன். நான் அன்னிக்கு அந்த வரவேற்புல ஜூஸ் மேஜைகிட்ட நின்னுட்டிருந்தேன். உனக்குப் பின்னால."

க்ளென் அந்தக் காகிதங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

"அந்த உசரமான ஆளு உங்கிட்ட மூணு தடவை பேரு கேட்டாரு. மூணு தடவையும் நீ புதுசாச் சொல்ற மாதிரி சந்தோஷமாச் சொன்ன. அவர் நினைப்பு வெச்சுக்கவே இல்ல. போக்குவரத்துத் துறைன்னு சொன்ன."

"அது... ஒரு பேச்சுக்கு..."

"நீ யாருகிட்டயும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா. நம்ம ஊர்ல உன்னைத் திட்ட வந்தவங்ககூட சிரிச்சிட்டுப் போவாங்க. அங்க நீ சிரிச்சுக்கிட்டே இருந்த, யாரும் உங்கூடச் சிரிக்கல. நாலு வருஷம் ஒவ்வொரு தடவையும் நீ காரை எங்கயோ தூரத்துல நிறுத்திட்டு வந்து அப்படி நிப்ப. என்னால பாக்க முடியாது."

குழாய்ச் சத்தம் நின்றது. மார்லா திரும்பவில்லை.

க்ளெனுக்கு முகம் சூடானது. அவமானம்தான், சந்தேகமே இல்லை. இத்தனை நாளும் தன்னால் மகளுக்கு அவமானம் என்று நினைத்து ஒளிந்துகொண்டிருந்தவர், ஒளிந்ததையே அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் எங்கே போய் ஒளிவது?

"நான் எப்படி நின்னா என்னம்மா?" என்றார். "நான் ஒரு வரவேற்புல அசட்டுத்தனமா நின்னேன்னு நீ பெரிய இடத்தை விடுவியா? நீ மேல வரணும். அதுதானே வேணும்."

"எனக்குக் கல்லுதான்பா வேணும். இங்க முதல் வாரமே கையில குடுக்கறோம்னாங்க. அங்க மூணாவது வருஷம்னாங்க, நான் கேட்டேன். நீ அப்ப சூப்பு குடிச்சிட்டிருந்த." டெலியா அவர் முகத்தைப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லு. அந்தக் காலேஜ் யாருக்கு வேணும்? எனக்கா, உனக்கா?"

எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் இரண்டு விநாடியில் பதில் வைத்திருப்பவர். இதற்கும் வாய் திறந்தது. 'உனக்குத்தான்' என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. இதைவிட மோசமான சரக்கையெல்லாம் அவர் விற்றிருக்கிறார்.

"எனக்கு" என்றார் க்ளென்.

சொன்ன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடமாக யாராவது 'எங்கே படித்தாய்' என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவர், பதிலுக்கு மகளின் கல்லூரிப் பெயரைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்கு அவளுடைய நாலு வருடமும், மார்லாவின் வீடும் விலை. எவனாவது இப்படி ஒருவன் ஹாட்லிக்குள் வந்திருந்தால், விட்டிருக்கவே மாட்டாரே! கடையில் நிற்கிற மோசமான வண்டியை அதிக விலைக்குத் தள்ளி, கூடவே துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சும் விற்றிருப்பார்.

டெலியா எழுந்து வந்து பின்னால் இருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்ப நான் இங்கயே படிக்கட்டுமா?"

"படிம்மா" என்றார். இந்தத் தடவை கண் கலங்கியதற்கு வெளிச்சத்தைக் காரணம் சொல்லவில்லை.

அவள் கணினியைத் திறந்து மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான், கொட்டுமேளம் ஒன்றும் இல்லை, திரையில் ஒரு நன்றி வந்தது. மார்லா ஈரக் கையோடு வந்து மகளின் தலையை முத்தமிட்டாள். பிறகு கடன் காகிதங்களை எடுத்து, மஞ்சள் அடையாளச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மருந்துக்கடைக்கு ஆகும் என்று தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"விட்கோமுக்கு வரலைன்னு சொல்லணும். நீயே அனுப்பிடுப்பா" என்று டெலியா கணினியை அவர் பக்கம் தள்ளினாள்.

அது ஒரு சின்னப் படிவம். வராததற்குக் காரணம் என்ன என்று கேட்டு ஐந்து பதில்கள் கொடுத்திருந்தார்கள். கட்டணம். தூரம். பாடத்திட்டம். வேறு கல்லூரியில் அதிக உதவித்தொகை. மற்றவை. கைநழுவிய வாடிக்கையாளரிடம் க்ளெனும் இதேதான் கேட்பார். அடுத்த ஆளிடம் உபயோகப்படும். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு 'மற்றவை' என்பதைத் தொட்டார். எழுதுவதற்கு ஒரு கட்டம் திறந்தது. இரண்டு விரலால் மெதுவாகத் தட்டினார்.

'என் மகளுக்கு என்னைப் பிடிக்கும். நான் பழைய கார் விற்கிறேன்.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். அவர்களுக்கு இது எதற்கும் உதவாது என்று தோன்றியது. இருந்தாலும் அனுப்பினார்.